ஊர் அரசியல் வெறுத்துப்போய் வெளிநாடு போக நினைப்பது தவறா?

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். வயது 27. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஐந்து வருடமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாக இருக்கிறேன். கைக்கு வருவது 14,000 ரூபாய். அரசு வேலைக்கான தேர்வு எழுதினேன், கிடைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் நைட் டூட்டியில் எங்கள் மேற்பார்வையாளர் என்னிடம் முறைதவறி நடந்தார். நிர்வாகத்திடம் சொன்னால், "எழுதி எல்லாம் கொடுக்காதே, பேசித் தீர்த்துக்கலாம்" என்கிறார்கள். அவருடைய சொந்தக்காரர் ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறார். ஸ்டேஷனுக்குப் போனோம். "சமாதானமாப் போயிருங்க, உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகணும்" என்றார்கள்.

எனக்கு அப்பா இல்லை. அம்மை ஐந்து வருடம் ஊராட்சியில் வார்டு மெம்பராக இருந்தாள். கூட்டத்துக்குக் கூடவே பெரியப்பாவும் வந்து உட்காருவார். தீர்மான நோட்டில் அவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் அம்மை கையெழுத்துப் போடுவாள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு இந்த ஊரே வேண்டாம் என்றாகிவிட்டது. ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்து அடுத்த நிலையான பி2 படிக்கிறேன். ஏஜென்ட் நாலரை லட்சம் கேட்கிறார். பதினெட்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்த பெரியப்பா, "ஊரைக் குறை சொல்லிட்டு ஓடப் பாக்குறா" என்கிறார். கேஸ், கீஸ் என்று போனால் விசா கிடைக்காது என்றும் பயமுறுத்துகிறார். அம்மை மட்டும், "மக்களே, நீயாவது போயிரு" என்கிறாள். நான் செய்வது ஓட்டமா? போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சம்பவம் நடந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆனால் அந்த நீட்டிப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். "எழுதிக் கொடுக்காதே" என்று நிர்வாகம் சொல்வதற்கான காரணம் உங்களுக்கே தெரியும். எழுத்தில் இருந்தால்தான் அது புகார். வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் சொல்லவே இல்லை என்று மறுத்துவிடலாம்.

பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு குழு இருந்தால் புகாரைக் குழுவுக்குக் கொடுத்து, நகலில் பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். குழுவே கிடையாது என்றால் அதையும் புகாரில் ஒரு வரியாக எழுதி, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூகநல அலுவலரிடம் கொடுங்கள். மாவட்டத்துக்கென்று ஓர் உள்ளூர்ப் புகார் குழு உண்டு. இத்தகைய புகார்களுக்கான மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம். விசாரணை நடக்கும்போது உங்களை வேறு வார்டுக்கு மாற்றவோ, மூன்று மாதம் வரை விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். வேலையை விட்டுவிட்டால் புகார் செத்துப்போகும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

விசா விஷயத்தில் பெரியப்பா சொல்வது தப்பு. காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழுக்கு அவர்கள் பார்ப்பது உங்கள் மீது வழக்கு இருக்கிறதா என்பதைத்தான். நீங்கள் புகார் கொடுத்தவர். குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் அந்தப் பயம் இருக்க வேண்டும்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, இப்போது வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் வரும் பெண்கள் ஆரம்பத்தில் சொல்லும் காரணம் பணம். அரை மணி நேரம் பேசிய பிறகுதான் மற்றது வெளியே வரும். "யாரும் மதிக்கல மேடம்" என்பார்கள். சிலர் அழுவார்கள். நீங்கள் அதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2018-இல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலப் நிறுவனம் 2009 முதல் 2013 வரை 148 நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பு அதற்கு அடிப்படை. தங்கள் நாட்டில் பெண்கள் மரியாதையுடனும் கண்ணியத்துடனும் நடத்தப்படவில்லை என்று நினைக்கும் பெண்களிடம் வெளிநாடு போகும் ஆசை கூடுதலாக இருந்தது. மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து நீங்கள் நினைத்ததை உலகம் முழுக்கப் பெண்கள் நினைக்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஆசை உண்மையான புறப்பாடாக மாறுவது வீட்டு வருமானம், குடும்பப் பொறுப்பு, அங்கே ஏற்கெனவே யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா என்பதையெல்லாம் பொறுத்தது. அதாவது, அவமானம் போக வேண்டும் என்ற எண்ணத்தைக் கிளப்பிவிடும், ஆனால் டிக்கெட் எடுத்துத் தராது. மிக மோசமாக நசுக்கப்படும் பெண்களால் பெரும்பாலும் எங்கேயும் போக முடிவதில்லை. படித்த பெண்கள்தான் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெண்களைப் படிக்க வைத்த மாவட்டம், படித்து முடித்த பெண்ணுக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

"அரசியல்" என்று நான் சொல்வது கட்சிக் கொடியை மட்டும் இல்லை. உங்கள் சம்பளச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நர்சுகளின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவு போட, மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு சொன்னது. பரிந்துரை மாநிலங்களுக்குப் போனது. கேரளத்தில் நர்சுகள் 2017-இல் சங்கமாகத் திரண்டு தெருவில் உட்கார்ந்தார்கள். 2018 ஏப்ரலில் அந்த அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. கொடுக்காமல் இழுத்தடிக்கும் ஆஸ்பத்திரிகள் அங்கேயும் உண்டு. ஆனால் கேட்பதற்குக் கையில் ஓர் அரசாணை இருக்கிறது. மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் அதே ஊசி, அதே டிரிப், அதே நைட் டூட்டிக்கு வேறு கணக்கு. எட்டு வருடத்துக்கு முன் அங்கே எழுதியது இன்று உங்கள் கைக்கு வரும் தொகையைவிட அதிகம். இது உங்கள் தலையெழுத்து இல்லை. ஒரு பக்கம் முடிவெடுத்தார்கள், இன்னொரு பக்கம் எடுக்கவில்லை.

அரசு வேலை கிடைக்கவில்லை என்று வருந்துகிறீர்கள். கிடைத்தவர்கள் கதையையும் பாருங்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் ஜெயித்து வேலைக்குச் சேர்ந்த நர்சுகளுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட வேண்டி வந்தது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31 கடைசி நாளானது. பாதுகாப்பு உடைக்குள் எட்டு மணி நேரம் வெந்து வேலை பார்த்தவர்கள் அவர்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் நர்சு வேலையை ஒப்பந்தத்தில் தள்ளுவது மட்டும் மாறவில்லை. இதைப் பார்த்த ஒரு பெண் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தால் அவளைப் பேராசைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உங்கள் அம்மாவின் விஷயம்தான் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இருந்ததை 2016-இல் தமிழ்நாடு பாதியாக உயர்த்தியது. நம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று நினைக்கிறேன். சட்டம் அவரை நாற்காலி வரைக்கும் கொண்டுபோய் விட்டது. பேனாவைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார். நீங்கள் பள்ளிக்கூடத்தில் குடிமையியலில் படித்த இடஒதுக்கீடும், வீட்டில் பார்த்த இடஒதுக்கீடும் வேறு வேறாக இருந்திருக்கின்றன. ஒரு மகளுக்கு இதைவிட அழுத்தமான அரசியல் பாடம் கிடையாது. "நீயாவது போயிரு" என்று அம்மா சொல்வதில் அந்த ஐந்து வருடமும் இருக்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்குள் கிடந்த பல பெண்களை வெளியே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் வெளியே வந்த பெண் அடுத்து நியாயமான சம்பளத்தையும் பாதுகாப்பையும் கேட்பாள். அதற்கு இங்கே பதில் கிடைக்காதபோதுதான் அவள் கண் வெளியே திரும்புகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இது ஓட்டம் இல்லை. போகலாம். பெரியப்பா பதினெட்டு வருடம் குவைத்தில் இருந்தபோது அவரை ஊரைவிட்டு ஓடியவர் என்று யாராவது சொன்னார்களா? ஆண் போனால் குடும்பத்துக்காக, பெண் போனால் ஊரைக் குறை சொல்லிவிட்டு. இந்தக் கணக்கை அவரிடம் நேராகவே கேளுங்கள், மரியாதையாக. அவர் அனுபவமும் உங்களுக்கு வேண்டியிருக்கும். ஒப்பந்தம், அரபி முதலாளி, கையில் இல்லாத பாஸ்போர்ட் இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களைத் தடுத்து நிறுத்துவேன். இந்த ஊர் வேண்டாம் என்பது போவதற்குக் காரணமாக இருக்கலாம். எந்த நாட்டுக்கு, யார் மூலமாக, எந்த ஒப்பந்தத்தில் என்பதை அந்தக் கோபத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. வெறுப்பில் இருப்பவர்கள்தான் ஏஜென்ட்டுகளுக்கு எளிதில் அகப்படுகிறார்கள். "சீக்கிரம் அனுப்பிடுறேன்" என்ற ஒரு வார்த்தை போதும். இங்கே அதிகாரம் எப்படி நடக்கிறது என்று கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள் இல்லையா, அதே கண்ணால் போகிற நாட்டையும் பாருங்கள்.

அங்கேயும் அரசியல் உண்டு. இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பணியாளர் விசாவில் நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் போனார்கள். 2024 மார்ச் 11 முதல், புதிதாக அந்த விசாவில் போகிறவர்கள் கணவனையும் பிள்ளைகளையும் அழைத்துப்போக முடியாது என்றாக்கினார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பதிவு பெற்ற நர்சுகளுக்கு இது பொருந்தாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறது. ஜெர்மனியில் 2023 நவம்பரில் தகுதி பெற்ற பணியாளர்களுக்கு விதிகளைத் தளர்த்தினார்கள். நிரந்தரத் தங்குரிமைக்கு மூன்று வருடத்திலேயே விண்ணப்பிக்க வழி வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடந்த பொதுத்தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கும் கட்சி சுமார் 20.8 சதவீத ஓட்டு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. மூன்று வருடத்தில் குடியுரிமை என்ற குறுக்குவழியை அதே வருடம் அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். நர்சு வேண்டும் என்ற தேவை குறையவில்லை. ஆனால் உங்களை வரவேற்கும் ஆஸ்பத்திரியும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார யோசிக்கும் ஆளும் ஒரே ஊரில் இருக்கலாம். ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்தால், அந்த ஊரில் ஏற்கெனவே வேலை பார்க்கும் இந்திய நர்சு ஒருவரிடம் போனில் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வளைகுடாவுக்கு மனம் மாறினால் அங்கே விசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் 46 இந்திய நர்சுகள் போருக்கு நடுவில் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலர் வாங்கிய கடன் அடையாத கவலையோடுதான் திரும்பினார்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்சு வேலைக்குப் போவதென்றால், 2015-லிருந்து மத்திய அரசின் ஈ-மைக்ரேட் இணையதளம் வழியாக, அரசு அனுமதித்த முகமைகள் மூலம்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்ற அரசு நிறுவனமே இருக்கிறது. அதன் அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் அந்த நாலரை லட்சம். கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு ஏஜென்ட் இந்தியச் சட்டப்படி உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. அந்த ஏஜென்ட்டின் பதிவு எண்ணை ஈ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஜெர்மனிக்கு நர்சுகளை எடுப்பதில், செலவு முழுவதையும் வேலை தருபவரே ஏற்கும் முறை இருக்கிறது. அந்த அரசே நடத்தும் டிரிப்பிள் வின் திட்டம் அப்படிப்பட்டது. 2021 டிசம்பரில் கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர் அமைப்பான நோர்க்காவோடு அதற்கு ஒப்பந்தம் போட்டார்கள். நியாயமான ஆள்சேர்ப்புக்கு ஜெர்மனியில் ஒரு தரமுத்திரையும் உண்டு. உங்கள் ஏஜென்ட்டோடு தொடர்புள்ள ஜெர்மன் நிறுவனத்துக்கு அந்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். அம்மாவின் நகையைப் பேங்கில் வைத்துப் போகும் பெண், அங்கே என்ன நடந்தாலும் வேலையை விடத் துணியமாட்டாள். இங்கே வாய் திறக்க முடியாத நிலைமையைத்தானே விட்டுப் போகிறீர்கள்? அதைக் கடன்பட்டு விலைக்கு வாங்க வேண்டாம்.

ஒப்பந்தத்தை ஜெர்மன் மொழியில் வாங்கி, நீங்களே அகராதியோடு உட்கார்ந்து படியுங்கள். பி2 படிப்பவருக்கு அது முடியும். தகுதி அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளராகத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் சம்பளம் எவ்வளவு, இடையில் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, அறை வாடகை யார் பொறுப்பு என்று பாருங்கள். இரண்டாவதுதான் முக்கியம். இங்கே "பாண்டு" என்று நாம் சொல்வது அங்கே வேறு பெயரில் இருக்கும்.

புகார் கொடுத்த பிறகு ஆஸ்பத்திரி உங்கள் மீது கோபப்படலாம். அனுபவச் சான்றிதழைத் தராமல் அலைக்கழிப்பது வழக்கமாக நடக்கும் பழிவாங்கல். ஆகவே புகார் கொடுப்பதற்கு முன்பே வேலை நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக் பக்கங்கள், உங்கள் பெயர் உள்ள டூட்டி அட்டவணையின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவற்றை வைத்துக்கொள்ள எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போகப்போகிறோமே, இனி எதற்குப் புகார் என்று தோன்றும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. அடுத்த மாதம் அந்த வார்டில் நைட் டூட்டிக்கு வரப்போவது நர்சிங் முடித்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண். உங்கள் புகார் கோப்பில் இருந்தால் அவள் சொல்வது இரண்டாவது புகாராகும். இல்லாவிட்டால் அவளிடமும் "எழுதிக் கொடுக்காதே" என்பார்கள். நம் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. தென் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், மார்பை மறைக்கத் தோள்சீலை அணியும் உரிமைக்காக இந்த ஊர்ப் பெண்கள் அடிபட்டார்கள். 1859-இல் அரசு ஆணை வரும்வரை பல பத்தாண்டுகள் அந்தப் போராட்டம் நடந்தது. அதே காலத்தில் இங்கிருந்து ஏராளமான ஆட்கள் இலங்கைக் காபித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டும் இருந்தார்கள். போனவர்கள் அனுப்பிய காசும் இருந்தவர்களின் பிடிவாதமும் சேர்ந்துதான் இந்த ஊர் மாறியது என்பது என் எண்ணம்.

வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை இருக்கும்வரை உங்கள் ஓட்டு உங்களுடையதுதான். படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம். ஓட்டுப்போட நேரில் வர வேண்டும். அந்த விதி இன்னும் மாறவில்லை. விடுப்பைத் தேர்தலோடு சேர்த்துப் போட முடிந்தால் போடுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஊராட்சித் தேர்தல் திரும்ப வரும்போது அவர் நிற்க விரும்புகிறாரா என்று நீங்கள் கேளுங்கள், பெரியப்பா இல்லாத நேரத்தில். விரும்பினால், தீர்மான நோட்டை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, செலவுக் கணக்கு எங்கே வருகிறது, கையெழுத்துப் போட மறுத்தால் என்ன ஆகும் என்று. ஜெர்மன் இலக்கணத்தைவிட அது லேசு. விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஐந்து வருடம் அவர் பட்டது போதும்.

புகாரை எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். தேதி, நேரம், வார்டு, பக்கத்தில் யார் இருந்தார்கள், யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதை மட்டும் வரிசையாக எழுதுங்கள். மேற்பார்வையாளரின் சொந்தக்காரர் எந்தக் கட்சி என்பதை அதில் எழுத வேண்டாம். குழு விசாரிக்க வேண்டியது அவர் செய்ததை.